ஆடிக்கு முன்னால் ஏற்றிய பேனல்

என் மனைவியின் தம்பி எங்கள் மாடியில் சோலார் போட்டுத் தருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான். அவன் மேல் மட்டும் சந்தேகம் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றின் மேலும்தான். வெயிலை வைத்து மோட்டார் ஓடும் என்பதை நான் நம்பினேன். உசிலம்பட்டிப் பக்கம் கிணற்று மேட்டில் அப்படி ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றைப் போட்டதே அவன்தான். ஆனால் அதெல்லாம் தரையில், காட்டுக்கு நடுவே நிற்பவை. சாய்ந்தால் சோளப்பயிரின் மேல் சாயும். எங்கள் வீடு திருநகரில், வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிற தெருவில் இருக்கிறது. கிழக்கே எங்கள் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பக்கத்து வீட்டுப் பெண் அதில் தையல் யூனிட் நடத்துகிறார். நாலைந்து பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தத் தகரத்தின் கீழே உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பார்கள். எங்கள் மாடியிலிருந்து எது பறந்தாலும் அவர்கள் தலையில்தான் போய் விழும்.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. புதுச் சரக்கு வந்து இறங்கினால் துணியின் ஓரத்தை ஈர விரலால் தேய்த்து, சாயம் போகுமா என்று பார்ப்பது பல வருடமாக என் வேலை. அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. பால் பாக்கெட்டையும் அமுக்கிப் பார்ப்பேன். பஸ்ஸில் சில்லறை வாங்கினாலும் திருப்பிப் பார்ப்பேன். ஆனால் சந்தேகத்தை வாய் திறந்து கேட்க எனக்கு வராது. ஆள் முன்னால் நின்று கேட்க நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனைவியிடம் சொல்வேன், அவள் கேட்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு.

அரசு மானியத்துக்கு விண்ணப்பம் போடும்போதே என் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. மைத்துனன் கூடத்தில் உட்கார்ந்து தன் போனில் என் விவரங்களை எல்லாம் தட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

வந்திருந்தது. கூடவே இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. நான் போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குடா," என்றாள்.

"அக்கா, அது திருட்டுப் பயலுக்குச் சொல்லக் கூடாதுன்னு. நான் ஒன் கூடப் பொறந்தவன்."

"அதைத்தான் அவரு யோசிக்கிறாரு."

கடைசியில் அவன் போனை நானே வாங்கி, நம்பரை அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "இம்புட்டு நம்பிக்கை இருக்குற வீட்ல வேலை பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு என் போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன்.

சாமான் வந்து இறங்கிய அன்றும் அப்படித்தான். பேனல்களைக் குட்டி யானை வண்டியிலிருந்து இறக்கி, படியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். துருப்பிடிக்காத போல்ட் என்று சொல்லியிருந்தான். நல்ல எவர்சில்வர் என்றால் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். காந்தத்தில் கோளாறோ என்று அதைப் பேனலைத் தாங்கும் இரும்புக் காலில் வைத்துப் பார்த்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது.

சாமான்களுக்கு இடையே ஒரு பாதுகாப்பு பெல்ட் கிடந்தது. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக் கயிற்றால் கட்டிக்கொள்வது. அது வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"அது எதுக்குன்னு கேக்குறாரு," என்றாள் மனைவி.

"போட்டோ எடுத்து ஏத்தணும்ல, அதுக்கு," என்றான் மைத்துனன். சொன்ன பிறகு, "வேலைக்குந்தான்," என்று சேர்த்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தனியாகச் சந்தேகங்கள் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்று மனைவியிடம் கேட்டார்.

"ஏக்கா, இதை வச்சா இடியை இழுக்குமாம்ல?"

"இழுக்காதுக்கா," என்று மாடியிலிருந்தே மைத்துனன் பதில் சொன்னான். "அப்படியே விழுந்தாலும் தனிக் கம்பி போட்டு மண்ணுக்குள்ள இறக்கிருவோம்."

"எந்த மண்ணுக்குள்ள? எங்க பக்கமா?"

"ஒங்க பக்கம் இல்லக்கா. எங்க அக்கா வீட்டு மண்ணுக்குள்ள."

"அதச் சொல்லு மொதல்ல."

எர்த் குழியை வாசல் பக்கம்தான் வெட்டினார்கள். வெட்டி முடிக்கும் வரை அவர் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

பேனல்களை எந்த இடத்தில் வைப்பது என்பதிலும் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. தண்ணீர்த் தொட்டி கன்னி மூலையில், தென்மேற்கில் உயரமாக நிற்கிறது. மதியத்துக்கு மேல் அதன் நிழல் கிழக்கே சாயும். நிழல் விழுந்தால் கரண்ட் குறையும் என்பதால் மைத்துனன் எல்லாவற்றையும் கிழக்கு ஓரத்துக்கு, அதாவது தையல் கொட்டகை பக்கமாகத் தள்ளினான். கைப்பிடிச் சுவரை விட்டு ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட வேண்டும், பேனல் சுவரைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது என்பதெல்லாம் விதி. அவனே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடம் விட்டிருக்கிறானா என்று மனைவியைக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். அவன் அந்த இடைவெளியில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். இடம் இருந்தது. ஆனாலும் கீழே தகரம் தெரிந்தது.

இரும்புக் கால்கள் நிற்பதற்குச் சிமென்ட் திண்டு கட்ட வேண்டும். சதுரத் தட்டோடுகள் பதித்த மாடி எங்களுடையது. திண்டு வருகிற இடங்களில் மட்டும் தட்டோட்டைச் சதுரமாக வெட்டி எடுத்து, கான்கிரீட் தளத்தில் கம்பி நட்டு, சுற்றிலும் மழைத் தண்ணீர் இறங்காமல் மருந்து பூசி, அதன் மேல் திண்டு. திண்டுக்குள் போல்ட்டைப் பதித்துவிட்டால், அந்தப் போல்ட்டில் காலை முடுக்கலாம். ஆனி பிறந்ததும் கட்டியிருக்க வேண்டிய வேலை. கொத்தனார் ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் உடனே திரும்பவில்லை. பிறகு மணல் வரவில்லை. கடைசியில் திண்டு கட்டி முடித்தபோது ஆனி முடிய இரண்டு மூன்று நாள்தான் பாக்கி.

இங்கேதான் எல்லாரும் ஒரே மாதிரி யோசித்தோம். ஆடியில் எங்கள் பக்கம் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். பால் காய்ச்ச மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள், புது மாட்டைக்கூட வீட்டுக்கு ஓட்டி வர யோசிப்பார்கள். தம்பி முதன்முதலாக ஒரு வீட்டு மாடியில் போடுகிற வேலை இது. அது அமங்கலமாக ஆகிவிடக் கூடாது என்று மனைவிக்கு இருந்தது. ஆனி கடைசி நாளில் நல்ல நேரம் பார்த்து அவளே குறித்தாள். மைத்துனனின் வேலையாட்கள் ஆடி பிறந்தால் கோயில் கொடை, கூழ் ஊற்று என்று ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கோ ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் கடையில் ஒரு நாள்கூட லீவு தர மாட்டார்கள். அதனால் அந்த நாளையே எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

திண்டுகளுக்கு ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. காலையும் மாலையும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஏற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு சாக்கை விலக்கி, திண்டின் விளிம்பை நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது. நகத்துக்குள் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி அப்பியிருந்தது.

வீடு கட்டியவர்கள் எல்லாருக்கும் தெரியும், சிமென்ட் இறுகுவதற்கு நாள் வேண்டும் என்று. எங்கள் வீட்டுத் தளம் போட்டபோது எத்தனை நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். கீழே போய் மனைவியிடம் விரலைக் காட்டினேன்.

"திண்டு இன்னும் பச்சையா இருக்கு. ஒரு வாரமாச்சும் போகட்டும்னு ஒன் தம்பிகிட்டச் சொல்லு."

அவள் விரலைப் பார்த்தாள். "இதை நான் கேக்க மாட்டேங்க."

"ஏன்?"

"நாள் குறிச்சது நான். நானே போயி வேணாம்பேனா? நீங்க சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க. அவன் என்ன கடிச்சா திங்கப் போறான்?"

அவன் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் வாசல் வரை போனேன். அவன் போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, "என்ன மச்சான்?" என்றான். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் திண்டுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள் மனைவி. தேங்காய் உடைத்தார்கள். கால்களை நிறுத்தி, சட்டம் பூட்டி, மதியத்துக்குள் பேனல்களை ஏற்றிவிட்டார்கள். போட்டோ எடுக்கும்போது ஒரு வேலையாள் பெல்ட்டை உறையோடு தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "உறையக் கழட்டுடா, பளபளங்குது," என்றான் மைத்துனன். கழற்றி, மாட்டி, எடுத்து, மறுபடி மடித்து உறைக்குள்ளே வைத்தார்கள். வயர்கள் இன்னும் சேர்க்கப்படவில்லை. பேனலில் வெயில் பட்டாலே கரண்ட் வந்துவிடும், முனைகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எல்லாரும் கீழே சாப்பிடப் போனார்கள்.

எனக்குப் பசியில்லை என்றேன். மாடியிலேயே நின்றேன்.

எங்களுக்கு மேற்கே வீடுகள் குறைவு. காற்று தடையில்லாமல் வரும். ஆனி ஆடியில் மதியத்துக்கு மேல் அது வருகிற வேகம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கொடியில் போட்ட வேட்டியைக் கிளிப் போட்டும் காப்பாற்ற முடியாது. அன்று முதலில் தெருவில் புழுதி எழுந்தது. பிறகு தொட்டியின் மூடி தடதடவென்று ஆடியது. அப்புறம் காற்று பேனல்களுக்கு அடியில் புகுந்தது. மேலே தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். கனத்த ஜமுக்காளத்தை இரண்டு பேர் பிடித்து உதறினால் வருமே, அது போல.

கிழக்கு ஓரத்துக் கடைசிக் காலின் பக்கம் போய்க் குனிந்தேன். அடித்தகட்டுக்கும் திண்டுக்கும் நடுவே விரல் நகத்தை வைத்தேன். காற்று அடிக்கும்போது தகடு நகத்தை விட்டு மேலே போனது. காற்று தணிந்ததும் வந்து உட்கார்ந்தது. மறுபடி போனது. போல்ட்டைச் சுற்றி ஒரு வட்டமாகத் தூள் கிளம்பியிருந்தது. அடுத்த காலைப் பார்த்தேன். அங்கேயும் வட்டம்.

கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏதோ பாட்டும் ஓடியது.

நான் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்து என்ன ஆகப் போகிறது என்று தெரியும். அந்தப் பெண்களை வெளியே வரச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவரிடம்கூட நான் பேசியதில்லை. கொட்டகைக்காரப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியாது. மனைவி அவரைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை என்பாள். நான் அப்படிக் கூப்பிட முடியுமா?

"தங்கச்சி!" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தங்கச்சி! எல்லாரும் வெளிய வாங்க!"

மிஷின் நிற்கவில்லை. காற்று இன்னொரு முறை வந்து பேனலைத் தூக்கியது. காலடியில் ஈரச் சாக்குகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துச் சுவருக்கு மேலே வீசினேன். தகரத்தில் அது விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பாட்டு நின்றது. கொட்டகையிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"எவன்டா அவன், எழவெடுத்தவன்!" என்று அண்ணாந்து பார்த்தார் கொட்டகைக்காரப் பெண். என்னைப் பார்த்ததும், "அண்ணே, நீங்களா?" என்றார். வேறு யார் கல்லையே எறிந்திருந்தாலும் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

"உள்ள போகாதீங்க. பேனல் ஆடுது. தெருவுக்குப் போங்க, இங்கிட்டு நிக்காதீங்க," என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே புதிது.

மைத்துனன் கையில் சோற்றுப் பருக்கையோடு படியேறி வந்தான். பின்னால் வேலையாட்கள், அவர்களுக்குப் பின்னால் மனைவி.

"என்ன மச்சான், ஊரக் கூட்டிட்டீங்க? நல்ல காரியம் நடக்குற அன்னைக்கு?"

"ஆட்டிப் பாரு மாப்ள," என்றேன்.

"எதை?"

"அந்தக் காலை. ஆட்டிப் பாரு."

அவன் இடது கையால் லேசாக ஆட்டினான். பிறகு வேட்டியில் வலது கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். போல்ட் ஒரு விரற்கடை மேலே வந்தது. கூடவே சிமென்ட் தூளும் வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஊதினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"காத்தும் இன்னைக்குப் பாத்து இம்புட்டு அடிக்குது," என்றான்.

"நாளைக்கு ஆடி. இதுக்கு மேல அடிக்கும்," என்றேன்.

அவன் போய் பெல்ட்டின் உறையைக் கிழித்தான். மாட்டிக்கொண்டு, கயிற்றைப் படிக்கட்டு அறையின் தூணில் கட்டச் சொன்னான். காற்றுக்கு இடைவெளி பார்த்து, கிழக்கு ஓரத்துப் பேனலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். கடைசிப் பேனல் கீழே போய்ச் சேரும் வரை தையல் பெண்கள் தெருவிலேயே நின்றார்கள்.

மனைவிக்குத்தான் தாங்கவில்லை. "ஏத்துனத அன்னைக்கே எறக்குறதா? இதுக்கு ஆடியே தேவலையே," என்று கண்ணைத் துடைத்தாள்.

"ஆடிக்கு என்னக்கா கொறச்சல்?" என்று கொட்டகைக்காரப் பெண் தெருவிலிருந்தே கேட்டார். "எங்களுக்கு அம்புட்டு ஜாக்கெட்டும் ஆடியிலதான் வருது."

"அது வேற."

"வேறதான். இது எங்க தலை மேல விழுறது."

ஆடி முழுக்க பேனல்கள் கூடத்தில் போர்வை போர்த்திச் சுவரில் சாய்ந்து நின்றன. திண்டுகளை உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ஆடியில் கட்டலாமா என்று மனைவி கேட்கவில்லை. உடைந்ததைச் சரி பண்ணுவது தொடங்குவதில் சேராது என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். மைத்துனன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. "திண்டுக்குத் தண்ணி ஊத்துறாரான்னு கேளு," என்று அக்காவிடம் சொல்வான். நான் பக்கத்திலேயே நிற்பேன். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்ணில் நட்ட கால்களை மட்டும் பார்த்துப் பழகியவன். நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவனை அவசரப்படுத்தினோம். ஆனால் புதுத் திண்டில் சிமென்ட் போதுமான அளவு போட்டிருக்கிறானா என்று கலவை போடும்போது தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன் என்பதும் உண்மை.

ஆவணி பிறந்து மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை எல்லாரும் பெல்ட் மாட்டியிருந்தார்கள், போட்டோ எடுக்காத நேரத்திலும். மாலையில் போல்ட்டுகளை முடுக்கிவிட்டுக் கீழே இறங்கப் போகும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கொட்டகைக்காரப் பெண்ணும் அவரிடம் தைக்கிற பெண்களும் வரிசையாக மேலே வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"என்னக்கா, சும்மா பாக்கவா?" என்றான் மைத்துனன்.

"சும்மா இல்ல. ஆட்டிப் பாக்க."

"எல்லாம் முடுக்கியாச்சு. திண்டையும் எஞ்சினியர் ஒருத்தரு வந்து பாத்துட்டுப் போயாச்சுக்கா."

"அவரு எங்க கொட்டகையில ஒக்காந்தா தைக்கிறாரு?" என்றவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணே, நீங்களும் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. எங்களுக்கு யார் சொல்றதும் வேணாம். நாங்களே பாத்துக்கிறோம்."

மைத்துனன் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தான், ஆடிக்குப் பிறகு முதல் முறையாக நேராக. ஏதாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி. நான் கிழக்கு ஓரத்துக் காலின் பக்கத்திலிருந்து விலகி அவர்களுக்கு வழிவிட்டேன்.

"வயரு மேல மட்டும் கை படாம பாத்துக்கங்க," என்றேன்.

ஒவ்வொரு காலாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். ஒருத்தி தள்ளினாள், இன்னொருத்தி குனிந்து திண்டின் விளிம்பைக் கீறிப் பார்த்து விரலை முகர்ந்தாள். ஒல்லியான ஒரு பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொட்டகைப் பக்கத்துச் சட்டத்தில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கியே பார்த்துவிட்டாள். ஒன்றும் அசையவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். மைத்துனன்கூட உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கொட்டகைக்காரப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் போய்த் தன் தகரத்தை எட்டிப் பார்த்தார், திரும்பிப் பேனலைப் பார்த்தார்.

"இப்ப நிக்குது," என்றார். "ஐப்பசி மழை முடியட்டும். மறுபடி வந்து பாக்குறோம்."

"வாங்க," என்றேன்.